கொலாஜன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ கால் பங்குக்கும் மேல் கொலாஜன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் மாணவர்களும் உறவினர்களும் அண்டை வீட்டாரும் இதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அண்மைக் காலத்தில் வந்தவற்றில் பெரும்பாலானவை கடைகளில் விற்கும் கொலாஜன் பொடியைப் பற்றியவை. அவற்றுக்கும் விடை கீழே உண்டு. ஆனால் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் ஈறில் வடியும் இரத்தம், உடையும் எலும்பு, உறையும் சூப்பு, பதனிட்ட தோல் ஆகிய அனைத்தும் ஒரே செய்தியின் பல முகங்கள் என்பது புரியும். ஆகவே பொடியைப் பற்றி மட்டும் அறிய விரும்புவோரும் முதல் இரண்டு விடைகளையாவது படித்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கொலாஜன் என்பது என்ன? உடலில் எங்கே இருக்கிறது?

உடலுக்குக் கட்டுமானப் பொருளாக இருக்கும் நார்ப் புரதமே கொலாஜன். இதுவரை 28 வகைகள் அறியப்பட்டுள்ளன. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் முதல் வகையும், குருத்தெலும்பில் இரண்டாம் வகையும், இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் தோலிலும் மூன்றாம் வகையும் மிகுந்திருக்கின்றன. சிறுநீரக வடிகட்டிகளைப் போன்ற இடங்களில் மெல்லிய விரிப்பாக அமைவது நான்காம் வகை. பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதன் பெயர் வந்தது. நம் தச்சர்கள் பலகை ஒட்டக் காய்ச்சிப் பயன்படுத்திய வச்சிரமும் விலங்குத் தோல், எலும்புகளிலிருந்து எடுத்த இதே பொருள்தான்.

அதன் அமைப்பில் அப்படி என்ன தனிச்சிறப்பு?

கயிறு திரிப்பவரைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். நாரை ஒரு திசையில் முறுக்கிப் புரியாக்குவார்கள். பிறகு அந்தப் புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவார்கள். ஒன்று அவிழ முயன்றால் மற்றது இறுகும் என்பதால் அந்தக் கயிறு தானாகப் பிரிவதில்லை. கொலாஜனும் அவ்வாறே அமைந்த ஒரு முப்புரிக் கயிறு. ஒவ்வொரு புரதச் சங்கிலியும் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கும். அத்தகைய மூன்று சங்கிலிகள் சேர்ந்து ஒன்றையொன்று வலப்பக்கமாகத் தழுவியிருக்கும். ஒவ்வொரு சங்கிலியிலும், புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் ஏறத்தாழ ஆயிரம் உண்டு. கயிற்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், குறுக்களவு வெறும் 1.5 நானோமீட்டர்.

இந்தக் கயிற்றுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. மூன்று சங்கிலிகளும் நடுவில் மிக நெருக்கமாகச் சேர்வதால் அங்கே வேறெதற்கும் இடமில்லை. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதாக வரும் அமினோ அமிலம் அந்த நடு அச்சை நோக்கியே திரும்பி நிற்கிறது. சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் நீட்டிநிற்கும் பக்கத்தொகுதியாக ஒற்றை ஹைட்ரஜன் அணுவை மட்டுமே கொண்ட கிளைசினைத் தவிர வேறெந்த அமினோ அமிலமும் அந்த இடத்தில் அடங்காது. எனவே கொலாஜனில் மூன்றில் ஒன்று கிளைசின். மற்ற இரு இடங்களில் புரோலினும், அதிலிருந்து உருவாகும் ஹைட்ராக்சிபுரோலினும் அடிக்கடி வருகின்றன. வளையம் கொண்ட இவ்விரண்டும் சங்கிலி கண்டபடி மடங்காமல் விறைப்பாக நிற்க உதவுகின்றன. இனி வரும் விடைகளில் பெரும்பாலானவை மூன்றாவது இடத்துக் கிளைசின், அதன் பக்கத்திலுள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்ற இவ்விரண்டுக்குமே திரும்பி வரும்.

சென்னைக்கும் கொலாஜனுக்கும் என்ன தொடர்பு?

இந்த முப்புரி அமைப்பை உலகுக்கு முதலில் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். 1922ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் பிறந்த ராமச்சந்திரன் பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்று, பின் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து திரும்பியவர். துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியாரின் காலத்தில், 1952இல், முப்பது வயதை எட்டும் முன்பே சென்னையில் துறைத் தலைவரானார். அதே ஆண்டில் சென்னைக்கு வந்த படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீர்க்கப்படாமல் இருப்பதாக உரையாடலின்போது சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் 1951இல் வெளியிட்டிருந்த மாதிரி சரியாகப் பொருந்தவில்லை. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன் என்பதால் அதை ஆராயும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னையிலேயே, அருகிலேயே இருந்தது.

கங்காரு வால் தசைநாணின் நார்களை எக்ஸ் கதிர்ப் பாதையில் வைத்து அவர்கள் படமெடுத்தார்கள். நார்ப் பொருளின் எக்ஸ் கதிர்ப் படத்தில் சில மங்கலான புள்ளிகளும் வில்களும் மட்டுமே தென்படும். உப்புப் படிகத்தைப் போல அணுக்களின் இடங்களை அது நேரடியாகக் காட்டாது. மீதியை ஊகத்தாலும் கணக்காலும் நிரப்பியாக வேண்டும். எந்த விலங்கின் கொலாஜனாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் இருக்கிறது என்ற வேதியியல் பகுப்பாய்வு முடிவை ராமச்சந்திரன் இங்கே பற்றிக்கொண்டார். அது தற்செயலாக இருக்க முடியாது, மூன்று சங்கிலிகள் சேரும் மையத்தில் கிளைசின் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் அவர்களின் முதல் கட்டுரை வந்தது. அதில் மூன்று சங்கிலிகளும் இணையாக நின்றன, ஒன்றையொன்று தழுவவில்லை. படத்தின் புள்ளிகளை மீண்டும் கூர்ந்து பார்த்து, 1955 செப்டம்பரில் அதே இதழில், மூன்றும் ஒன்றையொன்று சுற்றித் தழுவும் திருத்தப்பட்ட மாதிரியை வெளியிட்டார்கள். பெரிய வசதிகள் ஏதுமின்றி, அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த ஒரு துறையில் இது நடந்தது. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குள் எழும் பெருமிதத்தை நான் மறைப்பதில்லை.

அவருடைய மாதிரியில் பிழை இருந்ததாகச் சொல்கிறார்களே?

ஒரு பகுதி திருத்தம் பெற்றது உண்மை. பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. சென்னை மாதிரியில் ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் சங்கிலிகளுக்கிடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் (ஹைட்ரஜன் அணு வழியாக அமையும் மெல்லிய ஈர்ப்புகள்) இருந்தன. சில வாரங்களிலேயே கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் வெளியிட்ட மாதிரியோ ஒரு பிணைப்புக்கு மட்டுமே இடம் தந்தது. சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பதும் கேம்பிரிட்ஜ் தரப்பினர் சொன்ன குறையாக இருந்தது. 1968இல் ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும், இரண்டாவது பிணைப்பு நேரடியாக அமையாமல் ஒரு நீர் மூலக்கூறின் வழியாக அமையலாம் என்று எழுதினார்கள்.

1994இல் ஜோர்டி பெல்லா, மார்க் ஈட்டன், பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் ஆகியோர் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு பெப்டைடை (குட்டையான அமினோ அமிலச் சங்கிலியை) படிகமாக்கி, 1.9 ஆங்ஸ்ட்ராம் (0.19 நானோமீட்டர்) நுட்பத்தில் அதன் அமைப்பைக் கண்டார்கள். அதில் நேரடிப் பிணைப்பு ஒன்றே இருந்தது. அந்த வகையில் கேம்பிரிட்ஜ் சொன்னதே சரி. கயிற்றைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒரு வலையாகப் பிணைந்து நின்றதும் அதே படிகத்தில் தெரிந்தது. மூன்று சங்கிலிகள், மையத்தில் கிளைசின், ஒன்றையொன்று தழுவும் சுருள் என்ற அடிப்படையோ சென்னையில் சொன்னபடியே நிலைத்தது.

ராமச்சந்திரன் வரைபடம் இதிலிருந்துதான் வந்ததா?

ஆம். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்ற குறையை அவர் புறந்தள்ளிவிடவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்பதற்கு உறுதியான எல்லை எது என்று கேட்டு, வெளிவந்திருந்த படிக அமைப்புகளிலிருந்து அந்தத் தொலைவுகளைத் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும், முதுகெலும்பு எனப்படும் சங்கிலியின் நடுத்தண்டு சுழலக்கூடிய இடங்கள் இரண்டு. அந்தச் சுழற்சிக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இவ்விரு கோணங்களையும் ஒவ்வொரு மதிப்பாக மாற்றி, அணுக்கள் மோதாத இடங்களை மட்டும் குறித்தால் ஒரு சதுரத்துக்குள் சில தீவுகள் கிடைக்கும். சங்கிலி வாழக்கூடிய இடங்கள் அவை மட்டுமே. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் இதை 1963இல் வெளியிட்டார்.

கொலாஜன் இந்தச் சதுரத்தின் மேல் இடப்பக்கத் தீவில் அமர்கிறது. ஒற்றை ஹைட்ரஜனை மட்டுமே பக்கத்தொகுதியாகக் கொண்ட கிளைசினுக்கோ மற்றவற்றுக்குத் தடைசெய்யப்பட்ட இடங்களும் திறந்திருக்கின்றன. இன்று உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்த்தாலும், அது நம்பத்தக்கதா என்று சோதிக்க முதலில் பார்ப்பவற்றுள் ஒன்று இந்த வரைபடம். தம் மாதிரியின் மீது சொல்லப்பட்ட ஒரு குறையிலிருந்து ஒருவர் இவ்வளவு பொதுவான கருவியை உருவாக்கியது அறிவியல் வரலாற்றில் அரிது என்பது என் கருத்து.

வைட்டமின் சி குறைந்தால் ஈறில் இரத்தம் வருவது ஏன்?

கொலாஜன் சங்கிலியை நம் செல்கள் முதலில் கட்டும்போது அதில் ஹைட்ராக்சிபுரோலின் இருப்பதில்லை. வெறும் புரோலின்தான் இருக்கும். பிறகு ஒரு நொதி, மூன்றாவது இடத்துக் கிளைசினுக்கு முன்னால் நிற்கும் புரோலின் ஒவ்வொன்றிலும் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து அதை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றுகிறது. அந்த நொதியின் மையத்தில் ஓர் இரும்பு அயனி இருக்கிறது. வேலைக்கு நடுவே அந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து செயலிழந்துவிடுவதுண்டு. அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே வைட்டமின் சி செய்யும் பணி. அது இல்லாவிட்டால் நொதி நின்றுவிடும். ஹைட்ராக்சிபுரோலின் இல்லாத சங்கிலிகள் வெளிவரும். அத்தகைய முப்புரி ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடலின் வெப்பமோ 37 டிகிரி. ஆகவே புதிதாகச் செய்யப்படும் கொலாஜன் கயிறாகவே நிற்க முடியாமல் செல்லுக்குள்ளேயே சிதைகிறது. பற்களைப் பிடித்திருக்கும் நார்களிலும் நுண் இரத்தக் குழாய்களின் சுவர்களிலும் கொலாஜன் விரைவாகப் புதுப்பிக்கப்படுவதால், முதலில் தளர்வது அவைதான். பல் ஆடுகிறது, ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது, தோலுக்கடியில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. இதுவே ஸ்கர்வி.

வேதியியல் தெரிவதற்கு வெகு முன்பே மருத்துவம் இதற்கு விடை கண்டது. 1747 மே மாதம் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், ஸ்கர்வியால் படுத்திருந்த மாலுமிகள் 12 பேரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே இடம், ஒரே பொது உணவு என்று எல்லோருக்கும் சமமாக வைத்துவிட்டு, இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்தார். ஒரு சோடிக்கு ஆப்பிள் மது, ஒரு சோடிக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒரு சோடிக்கு வினிகர், ஒரு சோடிக்குக் கடல் நீர், ஒரு சோடிக்குப் பூண்டும் கடுகும் கலந்த மருந்துருண்டை. கடைசிச் சோடிக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். பழங்கள் ஆறு நாளில் தீர்ந்துவிட்டன. அதற்குள்ளாகவே அந்த இருவரில் ஒருவர் பணிக்குத் திரும்பத் தகுதி பெற்றிருந்தார். 1753இல் லிண்ட் இதை நூலாக எழுதினார். ஆனால் கெடாமல் வைப்பதற்காகச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பயன்படுத்தலாம் என்றும் அவர் பரிந்துரைத்தார். காய்ச்சும்போது வைட்டமின் பெரும்பகுதி அழிந்துவிடும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்க 1795 வரை ஆயிற்று. எத்தனை உயிர்கள் அந்த இடைவெளியில் போயின என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

காயம் ஆறுவதற்கும் இதே கொலாஜன்தான் தேவை. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன் அதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். 1939இல் தொடங்கி ஆறு மாத காலம் வைட்டமின் சி இல்லாத உணவை மட்டுமே உண்டார். மூன்றாம் மாதத்தில் அவர் முதுகில் அறுத்து உண்டாக்கிய காயம் இயல்பாக ஆறியது. ஆறாம் மாதத்தில் செய்த காயமோ மேல்தோல் மூடியிருந்தும் உள்ளே கூடவில்லை. நரம்பு வழியாக வைட்டமின் சி செலுத்தியபின் அதுவும் ஆறியது.

அப்படியானால் நாளொன்றுக்கு எவ்வளவு வைட்டமின் சி வேண்டும்?

ஸ்கர்வியைத் தடுக்க மிகச் சிறிதளவே போதும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உயிர்வேதியியல் அறிஞர் ஹான்ஸ் கிரெப்ஸின் பொறுப்பில், போரிட மறுத்த தன்னார்வலர்களிடம் நடந்த ஆய்வில், நாளொன்றுக்கு 10 மில்லிகிராமே நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் போதுமானதாக இருந்தது. உடலில் இருப்பு இருக்கும்படி பரிந்துரைக்கப்படும் அளவு அதைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு கொய்யாப் பழத்திலேயே அது கிடைத்துவிடும்; நெல்லிக்காயிலும் தாராளமாக உண்டு. ஆனால் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் வைட்டமினும் போய்விடும்.

ஹைட்ராக்சிபுரோலின் கயிற்றை எப்படி உறுதியாக்குகிறது?

கூடுதலாக வந்த ஆக்சிஜன் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துச் சங்கிலிகளுக்கிடையே பாலம் அமைக்கிறது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ரெய்ன்சின் குழு 1998இல் இதை நேர்த்தியாகச் சோதித்தது. ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஃபுளூரினை வைத்தார்கள். ஃபுளூரின் எலக்ட்ரான்களை இன்னும் வலிமையாகத் தன்பால் இழுக்கும், ஆனால் நீருடன் ஹைட்ரஜன் பிணைப்பை அமைப்பதில் மிகவும் பலவீனமானது. நீர்ப் பாலம்தான் காரணமென்றால் கயிறு தளர வேண்டும். நடந்தது நேர்மாறு: புரோலின் மட்டுமே கொண்ட சிறு முப்புரி 41 டிகிரியிலும், ஹைட்ராக்சிபுரோலின் கொண்டது 69 டிகிரியிலும் அவிழ, ஃபுளூரின் கொண்டது 91 டிகிரி வரை தாங்கியது. எலக்ட்ரானை இழுக்கும் அணு புரோலின் வளையத்தைக் கயிற்றுக்கு ஏற்ற வடிவில் முன்கூட்டியே மடக்கி வைத்துவிடுகிறது என்பதே விளக்கம். ஒரே ஓர் அணுவை மாற்றி, பல ஆண்டுகளாக நிலவிய ஒரு கருத்தைச் சோதித்த இந்த ஆய்வை வேதியியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

எலும்பு என்றால் கால்சியம்தானே? அதில் கொலாஜனுக்கு என்ன வேலை?

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சமைத்த கோழியின் கால் எலும்பைச் சுத்தம் செய்து, வினிகரில் மூழ்க வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு வாரத்துக்குள் எலும்பின் வடிவம் மாறாமலே அது ரப்பரைப் போல வளையத் தொடங்கும். அமிலம் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைத்துவிட, மீந்து நிற்பது பெரும்பாலும் கொலாஜன். இதற்கு மாறாக, நன்றாக எரிந்த எலும்பில் கொலாஜன் போய்விடும், தொட்டால் நொறுங்கும். கனிமம் அழுத்தத்தைத் தாங்குகிறது. கொலாஜன் இழுப்பையும் அதிர்ச்சியையும் தாங்குகிறது.

ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் எலும்பு உடையும் நோய் வருமா?

வரும். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா எனப்படும் இந்நோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. பெரும்பாலானோரில் முதல் வகைக் கொலாஜனின் இரு மரபணுக்களில் ஒன்றில் மாற்றம் இருக்கும். மையத்தில் நிற்க வேண்டிய ஒரு கிளைசின் இருந்த இடத்தில் செரினோ சிஸ்டீனோ ஆர்ஜினினோ வந்துவிட்டால், கயிறு அந்த இடத்தில் பிதுங்கித் தளர்கிறது. 1994இல் கண்ட படிகத்தில் ஒரு கிளைசினுக்குப் பதிலாக அலனினை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். அந்தச் சிறு மாற்றத்துக்கே அந்த இடத்தில் முறுக்கு தளர்ந்து, நேரடிப் பிணைப்புகளின் இடத்தில் நீர் புகுந்திருந்தது கண்கூடாகத் தெரிந்தது.

புரதத்தின் பாதியளவே உற்பத்தியாகும் குழந்தையைவிட, முழு அளவில் உற்பத்தியாகி அதில் பாதி பிழையுள்ளதாக இருக்கும் குழந்தைக்கு நோய் கடுமையாக இருப்பது ஏன் என்று மாணவர்கள் வியப்பார்கள். கணக்கு எளிது. முதல் வகைக் கொலாஜனில் ஆல்ஃபா-1 சங்கிலிகள் இரண்டும் ஆல்ஃபா-2 சங்கிலி ஒன்றும் உண்டு. ஆல்ஃபா-1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் பிழை இருந்தால், இரு சங்கிலிகளும் நல்லவையாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று மட்டுமே. நான்கில் மூன்று கயிறுகளில் ஒரு கெட்ட புரியாவது கலந்துவிடுகிறது. உற்பத்தி பாதியாகக் குறைந்தாலோ, உள்ள கயிறுகள் அனைத்தும் நல்லவையாகவே இருக்கும்.

கண்ணின் வெண்படலம் நீலம் பாய்ந்திருப்பது, சிறு இடறலிலேயே எலும்பு முறிவது, பல் எளிதில் தேய்வது, சிலருக்குக் காது மந்தமாவது ஆகியவை இதன் அறிகுறிகள். அடிக்கடி எலும்பு முறியும் குழந்தையின் பெற்றோர், அடித்தார்கள் என்ற சந்தேகத்துக்கு ஆளாகிக் கூனிக் குறுகி நிற்பதும் உண்டு. அந்தக் கொடுமை நேராமலிருக்கவேனும் மருத்துவ மாணவர்கள் இந்நோயை நினைவில் வைத்திருக்க வேண்டும். பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பு அரிப்பைக் குறைத்து அடர்த்தியைக் கூட்டுகின்றன. நீண்ட எலும்புகளுக்குள் உலோகத் தண்டு பொருத்துவதும் உண்டு. இவை எதுவும் கொலாஜனின் பிழையைத் திருத்துவதில்லை.

ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் உறைவது ஏன்?

ஆட்டுக்காலில் சதை குறைவு. தோல், தசைநாண், குருத்தெலும்பு ஆகியவையே அதிகம். மணிக்கணக்கில் கொதிக்கும்போது முப்புரிகள் அவிழ்ந்து ஒற்றைச் சங்கிலிகளாக நீரில் கலக்கின்றன. அதுதான் ஜெலட்டின். சூடாகக் குடிக்கும்போது உதடுகள் ஒன்றோடொன்று மெல்ல ஒட்டுகின்றனவே, அது இந்தச் சங்கிலிகளின் பசைத் தன்மை. குளிர்ந்ததும் அவை மீண்டும் கயிறாக முயல்கின்றன. ஆனால் பழைய துணைகளைக் கண்டுபிடிக்க முடியாமல், எட்டிய சங்கிலியோடு ஆங்காங்கே மட்டும் முறுக்கிக்கொள்கின்றன. அந்த முடிச்சுகளுக்கிடையே நீர் அகப்பட்டுக்கொள்வதால் குழம்பு தளதளவென்று உறைந்து நிற்கிறது. மறுபடி சூடாக்கினால் முடிச்சுகள் அவிழ்ந்து இளகிவிடும்.

தோல் பதனிடும்போது கொலாஜனுக்கு என்ன ஆகிறது?

பச்சைத் தோலை நீரில் சூடாக்கினால் 60 முதல் 65 டிகிரிக்குள் சுருங்கிவிடும். ஈரமாக விட்டால் அழுகிவிடும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரையும் மேல்தோலையும் நீக்கியபின் எஞ்சும் கொலாஜன் வலையைச் சங்கிலிக்குச் சங்கிலி கட்டிப்போடுவதே பதனிடுதல். ஆவாரம் பட்டை, கடுக்காய் ஆகியவற்றிலுள்ள டானின்கள் எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகளால் இதைச் செய்கின்றன. குரோமியம் உப்புகளோ கொலாஜனின் அமிலப் பக்கத்தொகுதிகளோடு நேரடியாகப் பிணைந்து அவற்றைக் கோக்கின்றன. அவ்வாறு பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். பட்டையில் ஊறவைக்கும் முறைக்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமியத்துக்கு ஒரு நாளே போதும். அந்த வேகத்துக்குக் கொடுத்த விலையைப் பாலாற்றங்கரை அறியும். வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவு நிலத்தையும் குடிநீரையும் கெடுத்ததைப் பற்றிய வழக்கில், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில் உறுதிப்படுத்தியது.

வயதானால் கொலாஜனுக்கு என்ன நேர்கிறது? சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கொலாஜன் மிக மெதுவாகவே மாறும் பொருள். தோலில் அதன் பாதி மாற 15 ஆண்டுகளும், மூட்டுக் குருத்தெலும்பில் ஒரு நூற்றாண்டுக்கு மேலும் ஆகும் என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அணுகுண்டுச் சோதனைகளால் 1950களிலும் 60களிலும் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பனை அடையாளமாகக் கொண்டு 2013இல் நடத்தப்பட்ட டென்மார்க் ஆய்வு, குதிகால் தசைநாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குப் பின் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று காட்டியது. அறுபது வயதில் நடப்பவரும் பதின்ம வயதில் செய்த அதே நார்களின் மேல்தான் நடக்கிறார்.

இவ்வளவு நீண்ட காலம் மாறாமல் இருப்பதால் இரத்தத்தின் சர்க்கரை அதன்மேல் படிந்து வேதிவினை புரிகிறது. தேவையற்ற குறுக்குப் பிணைப்புகள் பெருகி நார்கள் விறைக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்த சிலரால் வணக்கம் சொல்லக் கைகூப்பும்போது உள்ளங்கைகளையும் விரல்களையும் இடைவெளியின்றிச் சேர்க்க முடிவதில்லை. மருத்துவர் கைகூப்பச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான். வெயிலும் புகைபிடித்தலும் தோலின் கொலாஜனை அரிக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. அத்தகைய நொதியை முதன்முதலில் கண்ட இடம் சுவையானது: தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் வால் எப்படி மறைகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியரும் 1962இல் அந்த வாலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.

கொலாஜன் பொடி சாப்பிட்டால் தோலும் மூட்டும் சீராகுமா?

உண்ணும் கொலாஜன் அப்படியே தோலுக்குச் சென்று சேராது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு துண்டுகளாகவும் உடைத்துவிடும். அந்தத் துண்டுகளில் சில, குறிப்பாகப் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் சேர்ந்தது, இரத்தத்தில் சிறிது நேரம் இருப்பது அளந்தறியப்பட்ட உண்மை. அவை செல்களைத் தூண்டலாம் என்பது ஆராயத்தக்க கருதுகோள்தான். அதை நான் இகழவில்லை. ஆனால் மனிதரில் செய்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. பலவற்றுக்கு விற்பவர்களே பணம் தந்திருக்கிறார்கள். 23 சோதனைகளையும் 1,474 பேரையும் உள்ளடக்கி 2025இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் சுருக்கங்களும் மேம்பட்டதாகத் தெரிந்தது. நிறுவனங்களின் நிதி பெறாத சோதனைகளை மட்டும் தனியே எடுத்தபோது அந்தப் பலன் காணப்படவில்லை. இந்த ஒரு வேறுபாடே என்னைத் தயங்க வைக்கிறது.

என் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் மூட்டு வலிக்காக இந்தப் பொடியை மாதாமாதம் வாங்கி வந்தார். அந்தச் செலவுக்காகப் பழம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டதாகவும் சொன்னார். எனக்கு வருத்தமாக இருந்தது. பொடியால் பெரிய தீங்கில்லை. ஆனால் கொலாஜனைக் கட்டும் செல்களுக்குத் தேவையான வைட்டமின் சி அந்தப் பழத்தில்தான் இருந்தது.

கொலாஜன் கலந்த முகப்பூச்சு பயன் தருமா?

தோலின் மேலடுக்கை ஊடுருவ, மூலக்கூறின் எடை பொதுவாக 500 டால்டனுக்குக் (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை) குறைவாக இருக்க வேண்டும். கொலாஜனின் எடை ஏறத்தாழ 3,00,000 டால்டன். மேலே படிந்து ஈரத்தைக் காக்கும், உள்ளே போகாது.

நான் சைவ உணவுக்காரர். எனக்குக் கொலாஜன் குறையுமா?

குறையாது. தாவரங்களில் கொலாஜன் கிடையாது என்பது உண்மை. ஆனால் உடல் அதை உணவிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எந்தப் புரதத்திலிருந்தும் கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டு தானே கட்டிக்கொள்கிறது. கிளைசினையும் புரோலினையும் உடலே செய்துகொள்ளும். பருப்பு, பயறு, பால் ஆகியவற்றிலிருந்து போதிய புரதமும், கூடவே வைட்டமின் சி, இரும்பு, தாமிரம் ஆகியவையும் கிடைத்தால் போதும். கயிறுகளை ஒன்றோடொன்று இறுதியாகப் பிணைக்கும் நொதிக்குத் தாமிரம் வேண்டும். சைனா கிராஸ் என்று கடைகளில் விற்கும் அகர் கடற்பாசியிலிருந்து வரும் மாவுப்பொருள் இனம், கொலாஜன் அல்ல. மாத்திரை உறைகளில் பெரும்பாலானவை விலங்கு ஜெலட்டினால் ஆனவை என்பதால், அதைத் தவிர்க்க விரும்புவோர் மருந்துக் கடையிலேயே தாவர உறை உள்ளதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.